காப்பி என்று எழுதினேன், நகல் என்று படித்தார்கள்

அனுப்புநர்:
காப்பிக் கடைக்காரி
(தங்கள் பதிவேட்டின்படி, நகலக உரிமையாளர்),
நடுச்சுவர் இல்லாத வீடு,
தங்கள் அலுவலகத்துக்குப் பின்தெரு.

பெறுநர்:
மதிப்பிற்குரிய ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
முன்தெரு.

பொருள்: கடை உரிமம் – காப்பிக் கடைக்கு நகலக உரிமம் வழங்கியமை – அதையே காட்டி வீட்டின் நடுவில் சுவர் எழுப்பச் சொன்னமை – சொல்லைத் திருத்தவும் சுவரைத் தவிர்க்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்பு. எண் இருக்க வேண்டிய இடத்தில் காப்பிக் கறை இருப்பதால் எண்ணைத் தர இயலவில்லை. காப்பி எங்களுடையது. அறிவிப்பைக் கொடுக்க வந்த இடத்தில் சிந்தியவர் தங்கள் ஆய்வாளர்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தங்கள் அலுவலகத்தின் தரைத்தளச் சிற்றுண்டிச்சாலையில் பல ஆண்டுகள் காப்பி போட்டவள். தாங்கள் மாறுதலாகி இங்கே வருவதற்கு முன்பே அதை மூடிவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில், பொத்தானை அழுத்தினால் வெந்நீரும் வருத்தமும் வரும் ஓர் இயந்திரம் நிற்கிறது. அலுவலர்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது. யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பதுதான் தெரியும். ஆகவே இம்மனுவில் உரிமப் பிரிவு எழுத்தரை ‘அரைச் சர்க்கரை’ என்றும், ஆய்வாளரைச் ‘சர்க்கரை வேண்டாம்’ என்றும் குறிப்பிடுகிறேன். இதை மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம். மரியாதைக் குறைவாகச் சொல்ல வேண்டியவை பின்னால் வருகின்றன.

2. எங்கள் வீட்டு முன்கூடம் முதலில் ஒன்றாகத்தான் இருந்தது. மாமனார் காலமானதும் என் கணவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பேச்சு முற்றி, நடுவில் சுவர் வந்தது. சண்டை எதற்கு என்று தனித்தனியே கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இரண்டுமே வெட்கக்கேடு என்பதால் இங்கே எழுதவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி, அதாவது மூத்தவரின் மனைவி, இருமினால் எனக்குக் கேட்கும். உடம்புக்கு என்ன என்று கேட்கத்தான் வாய் வராது. நான் வேலையிழந்த வாரம் அவரே என் வாசலில் வந்து நின்றார். “சுவத்த இடிச்சா நாலு மேசை போடலாம். நீ காப்பி போடு, நான் கல்லாவுல உக்காந்துக்கறேன்” என்றார். அதில் சமாதானம் என்ற பேச்சே இல்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கணவன்மாரைக் கேட்காமலே கொத்தனாரை வரவழைத்தோம். அவர்கள் வேலை முடிந்து வீடு வந்தபோது, ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதற்கு இடமில்லாமல் போயிருந்தது.

3. விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘காப்பிக் கடை’ என்று தெளிவாக எழுதினேன். அரைச் சர்க்கரை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதோட ரெண்டு காப்பி கொண்டு வாங்க” என்றார். பழக்கம் விடுமா? வீட்டுக்கு ஓடிப் பால் காய்ச்சி, இரண்டு காப்பி கொண்டு போனேன். இரண்டிலும் அரைச் சர்க்கரை. அவர் ஒன்றைக் குடித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு மற்றதையும் குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, “சரிம்மா, காப்பி எங்க?” என்று கேட்டார். விண்ணப்பத்தின் நகலைத்தான் கேட்டிருக்கிறார். நம் வாய்வழக்கில் குடிப்பதும் காப்பி, படியெடுப்பதும் காப்பி. குழம்பியது நான், ஒப்புக்கொள்கிறேன். மறுநாளே நகல்களைக் கொடுத்துவிட்டேன். ஆனால் நான் ஒரே நாளில் விட்டுவிட்ட குழப்பத்தை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

4. உரிமம் வந்தது. அதில் ‘நகலகம் நடத்த அனுமதிக்கப்படுகிறது’ என்றிருக்கிறது. கோப்புகளில் அயல்மொழிச் சொல் கூடாது என்று தங்கள் அலுவலகத்தில் ஒரு சுற்றறிக்கை இருக்கிறதாம். மொழிப்பற்று மேலிட்டு அரைச் சர்க்கரை எங்கள் காப்பியைத் தமிழாக்கிவிட்டார். இரண்டு டம்ளர் குடித்த பிறகும் அது எந்தக் காப்பி என்ற ஐயம் அவருக்குத் தீரவில்லை. குடிக்கும் காப்பிக்குக் ‘குளம்பி’ என்று ஒரு தமிழ்ச்சொல் இருப்பதாகப் பிறகு வாடிக்கையாளர் ஒருவர் சொன்னார். நல்லவேளை, அதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் குளம்பு என்று படித்துக் கால்நடைப் பிரிவுக்கு அனுப்பியிருப்பார்கள். உரிமத்தைப் படித்துப் பார்க்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது எங்கள் பிழைதான். கையெழுத்திட்டவர்களும் படிக்கவில்லை என்பதால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

5. கடை திறந்து நன்றாகவே ஓடியது. அப்போதுதான் ‘சர்க்கரை வேண்டாம்’ ஆய்வுக்கு வந்தார். மூலை மேசையில் உட்கார்ந்து அடிவரை குடித்தார். பிறகு சுவரில் இருந்த உரிமத்தை அண்ணாந்து படித்துவிட்டு, நகலெடுக்கும் மிஷின் எங்கே என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்து என் ஓரகத்தி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு ‘ஆய்வுக்கு ஒத்துழைக்காமை’ என்று அறிவிப்பில் பதிவாகியிருக்கிறது. மற்றவை வருமாறு:

நகலகத்தில் அடுப்பு எரிவது தாள்களுக்கு ஆபத்து. (எங்கள் கடையில் தாள் என்று இருந்தது தங்கள் உரிமம் ஒன்றுதான்.)

அடையாளம் தெரியாத பழுப்புநிறத் திரவம் பெருமளவில் இருப்பு. (அதில் ஒரு டம்ளர் அப்போது அவர் வயிற்றில் இருந்தது.)

நகலெடுக்க வருவோர் உட்கார வேண்டிய அவசியம் இல்லாத நிலையில் நான்கு மேசைகள்.

நகலகத்துக்கு ஓர் அறையே போதும் என்பதால், தேவையின்றி இடித்த நடுச்சுவரை இம்மாத இறுதிக்குள் மீண்டும் எழுப்ப வேண்டும். தவறினால் கடை பூட்டி முத்திரையிடப்படும்.

6. ஒரு சொல்லைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அடித்துவிட்டு எழுதப் பேனாவும் நானே கொண்டு போயிருந்தேன். உணவுப் பிரிவின் சான்றிதழ் இருந்தால்தான் காப்பிக் கடை என்று மாற்ற முடியும் என்றார் அரைச் சர்க்கரை. மாடியேறிப் போனேன். உரிமத்தில் காப்பிக் கடை என்று இருந்தால்தான் சான்றிதழ் தர முடியும், நகலகத்தில் எங்களுக்கு என்ன வேலை என்றார்கள் உணவுப் பிரிவில். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். அந்தப் பைத்தியத்துக்கு இரண்டு மாடியில் அலுவலகம் கட்டி வைத்திருப்பதை அங்கேதான் பார்த்தேன். ஏறியிறங்கி என் முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் அரைச் சர்க்கரையே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். “பேருக்கு ஒரு ஜெராக்ஸ் மிஷின் வாங்கி ஓரமா வெச்சிடுங்கம்மா” என்றார். தன் பிழையைத் திருத்துவதைவிட என் பிழைப்பைத் திருத்துவது அவருக்குச் சுலபமாகத் தெரிகிறது.

7. இதற்கிடையில், அங்கீகரிக்கப்பட்ட நகலகம் என்று எங்கள் கடையைத் தங்கள் அறிவிப்புப் பலகையிலும் எழுதிவிட்டார்கள். நகல் வேண்டும் என்று எந்த மேசையில் கேட்டாலும், பின்தெருக் காப்பிக் கடைக்குப் போங்கள் என்று அனுப்புகிறார்கள். வருகிறவர்கள் பாவம். பிறப்புச் சான்றிதழும் வீட்டுவரி ரசீதுமாக வந்து நிற்கிறார்கள். காப்பி என்று கேட்கிறார்கள், நான் காப்பி கொடுக்கிறேன், அவர்கள் தாளை நீட்டுகிறார்கள். ஒரு பெரியவர் என்னைத் திட்டிவிட்டு, திட்டிய களைப்பில் உட்கார்ந்து ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். அவருடைய அவசரத்தைப் பார்க்கச் சகிக்காமல் என் ஓரகத்தி கல்லாவில் உட்கார்ந்தபடியே அவர் சான்றிதழைப் பார்த்து வெள்ளைத்தாளில் கையால் எழுதிக் கொடுத்தார். முத்திரை இருந்த இடத்தில் காப்பி டம்ளரின் அடியை வைத்து ஒரு வட்டம் போட்டு, உள்ளே ‘முத்திரை’ என்றும் எழுதினார். தங்கள் அலுவலகம் அதைச் சரியான நகல் என்று ஏற்றுக்கொண்டது. அன்று முதல் அவருக்கு ஒரே கிராக்கி. தங்கள் உரிமம் சொன்னது மெய்யாகிவிடுமோ என்று இப்போது எனக்கே பயமாக இருக்கிறது.

8. ஐயா, இதுவரை எழுதியவற்றுக்குத் தாங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். சுவர் விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடை திறந்ததும், ஆண்கள் வேலை டம்ளர் கழுவுவது என்று என் ஓரகத்தி தீர்மானித்துவிட்டார். தொட்டி ஒன்றுதான். வேலைவிட்டு வந்ததும் அண்ணன் தேய்ப்பார், தம்பி அலசுவார். நாட்கணக்கில் ஒரு வார்த்தை கிடையாது. டம்ளர்கள் மட்டும் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் மாலை, கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், மூத்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, “வழுக்குது, பாத்துப் புடி” என்றார். என் கணவர் “ம்” என்றார். சுவர் எழும்பிய பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அழுதேன். அரசு மனுவில் அழக் கூடாது என்று சுற்றறிக்கை ஏதேனும் இருந்தால் தெரிவிக்கவும்.

இந்த நிலையில்தான் தங்கள் அறிவிப்பு வந்தது. சகோதரர்கள் இருவரும் ஒரே மேசையில் தலையோடு தலை சேர்த்து அதைப் படித்தார்கள். படித்து முடித்ததும் இருவரும் ஒரே கருத்தைச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன சொற்கள் தமிழ்தான் என்றாலும் மனுவில் எழுதத் தக்கவை அல்ல. ஆனால் அன்றிரவு மூத்தவர் தூங்கவில்லை என்று ஓரகத்தி சொன்னார். மீண்டும் சுவர் வந்துவிட்டால் இன்னொரு முறை அதை இடிக்கும் வயது இந்த வீட்டில் யாருக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

9. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பது தாங்கள் அறியாதது அல்ல. பூசாரிகளிடம் அலைந்து அலுத்துத்தான் நேராகத் தங்களிடம் வந்திருக்கிறேன். நான் கேட்பது இவ்வளவுதான். எங்கள் உரிமத்தில் ‘நகலகம்’ என்பதை அடித்துவிட்டுக் ‘காப்பிக் கடை’ என்று எழுத உத்தரவிட வேண்டும். மொழித்தூய்மை கருதி அது முடியாது என்றால், ‘காய்ச்சிய பாலில் கசப்பைக் கலந்து, குடிப்பவர் நாற்காலியில் உட்காரும்படி விற்குமிடம்’ என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்வோம். சுவர் உத்தரவை ரத்து செய்ய வேண்டும்.

முடியாது என்று தாங்களும் சொல்வதானால், ஒரு வேண்டுகோள். முதல் செங்கல்லை வைக்கத் தாங்களே நேரில் வர வேண்டும். பழைய சுவர் இருந்த தடம் தரையில் இன்னும் அழியவில்லை. அதன் மேல்தான் நடு மேசையைப் போட்டிருக்கிறோம். தாங்கள் அங்கே உட்கார்ந்து, டம்ளர் கழுவிக்கொண்டிருக்கும் இருவரையும் அழைத்து, யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தங்கள் வாயாலேயே சொல்லிவிட்டுப் போங்கள். அந்த வேலையைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்குச் சம்பளம் வாங்குவதும் நாங்கள் இல்லை.

இடம்: நடு மேசை
நாள்: கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில்

இப்படிக்கு,
இன்னும் பொறுமையோடிருக்கும்,

(கையெழுத்து)
காப்பிக் கடைக்காரி

(கையெழுத்து)
ஓரகத்தி, கல்லா மற்றும் நகல் பொறுப்பு

இணைப்பு:
அ) உரிமத்தின் நகல், ஒன்று. கையால் எழுதியது. முத்திரை, டம்ளரால் இட்டது.
ஆ) தங்கள் அலுவலக விதிப்படி மனுவுடன் இரண்டு காப்பி. குடுவையில் உள்ளன. ஒன்று தங்களுக்கு. தங்கள் சர்க்கரை எவ்வளவு என்று தெரியாததால் தனியே பொட்டலமாக வைத்திருக்கிறேன். மற்றது அரைச் சர்க்கரைக்கு. ஆறுவதற்குள் நடவடிக்கை எடுக்கவும்.