ஷாஜனுக்குப் போர்த்திய பொன்னாடை

குளச்சல்
10.10.2025

பேபிக்கு,

பிரிஜா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலமாக இல்லை. உன் நலத்தை ஞாயிறுதோறும் உன் யூடியூப் நிகழ்ச்சியில் பார்ப்பதால் அதை அறியும் ஆவலும் இல்லை. வாட்ஸாப்பில் எழுதினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாய். அதனால்தான் பதிவுத் தபால். டப்ளினில் நீ கையெழுத்துப் போட்டுத்தான் இதை வாங்க வேண்டும்.

வீட்டுக்காரர் ஆன்ட்ரூஸுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மழை விடாததால் கருவாடு காயவில்லை, வியாபாரம் மந்தம். என் அண்ணன் ஷாஜனுக்குப் போன சனிக்கிழமை ஒரு பொன்னாடை கிடைத்தது. கோயில் பாட்டுக்குக் கைதட்டினால்கூடப் பிந்தித் தட்டுகிற அதே ஷாஜன்தான். நம் ராக் பேண்ட் திருக்கைவாலின் டிரம்மர் என்று சொல்லிப் போர்த்தினார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டான்.

போர்த்தியவர்கள் வீடு தேடி வந்த குலசேகரத்துப் பெண்கள் நாலு பேர். கல்லூரியில் படிக்கிறார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள். நம் கேசட்டை யாரோ இணையத்தில் ஏற்றிய நாள் முதல் அதைக் கேட்டே ஒரு ராக் பேண்ட் வைத்திருக்கிறார்களாம். ஐந்து பாட்டும் மனப்பாடம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாகர்கோவிலில் ஒரே பகலில் பதிந்த கேசட். சுபிதாவின் கிட்டார் இரைச்சலில் செல்லக்கனியின் பேஸ் பாதி கேட்காது. நீ மூன்று இடத்தில் மூச்சு வாங்குவாய். இருபத்துநாலு வருஷம் கழித்து இதில் என்ன கிடக்கிறது என்று கேட்டேன். டிரம்ஸ் வாசிக்கிற நந்தனா, “அதுல யாரும் நல்ல பிள்ளையா இருக்கணும்னு பாக்கல்ல அக்கா, அதாக்கும்” என்றாள். நீ இத்தனை ஞாயிறும் பேசியதில் இப்படி ஒரு வார்த்தை வரவில்லை.

பிறகு அவள் ஷாஜனிடம், ‘சாடு’ பாட்டின் நடுவில் வருகிற அந்த நாலு அடியை எப்படி அடித்தீர்கள் என்று கேட்டாள். ரெண்டு வருஷமாக எந்தக் குச்சியில் அடித்தும் அந்தச் சத்தம் வரவில்லையாம். ஷாஜன் தோளைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றான். எனக்கு ஆத்திரமும் வெப்ராளமும் தாங்கவில்லை. மீன் கழுவுகிற சருவத்தைக் கவிழ்த்துப் போட்டு வெறுங்கையால் அடித்தேன். நாலே அடி. அந்தப் பெண் ஷாஜனைப் பார்த்தாள், என் உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு அழுதாள்.

அந்த அடி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். பதிவின் நடுவே குச்சி பிளந்து என் கையைக் கிழித்தது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து பாட வேண்டும், உன் தொண்டை ஏற்கெனவே கட்டியிருந்தது. அதனால் கையாலேயே அடித்து முடித்தேன். நீதான் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாய். தழும்பு இப்போதும் இருக்கிறது. உப்பில் கைவைக்கிற போதெல்லாம் எரிகிறது.

அதை நீ போன மாதம் நிகழ்ச்சியில் எப்படிச் சொன்னாய்? “ஷாஜன் அண்ணனுக்க கையில இருந்து ரத்தம் கொட்டுது, மக்கா!” எல்லாரும் கைதட்டினார்கள். கேசட்டில் என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரைப் போட்டாய். சரி, அது நான் கேட்டது. என் ரத்தத்தை அவனுக்குக் கொடு என்று நான் எப்போது கேட்டேன்?

ஆமாம், நான்தான் கேட்டேன், மறைக்கவில்லை. அந்த வாரம் கோயிலில் எனக்கும் ஆன்ட்ரூஸுக்கும் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று இன்னும் இரண்டு ஞாயிறு வாசிக்க வேண்டும். காலை அகட்டி உட்கார்ந்து கொட்டடிக்கிற பெண் என்று எவளாவது போய்ச் சொல்லிவிடுவாள் என்று அம்மா அழுதாள். நான் பயந்துபோய், என் பெயர் வேண்டாம், ஷாஜன் என்று போடு என்றேன். மாதா முன்னால் உன்னிடம் சத்தியமும் வாங்கினேன். அடுத்த கேசட்டில் என் பெயர் வரும் என்று நீ சொன்னாய். அடுத்த கேசட் வருவதற்கு முன்பே நீ விமானம் ஏறிவிட்டாய்.

இன்னொன்றையும் கேள். அந்தப் பெண்கள் போன பிறகு ஆன்ட்ரூஸ் கருவாட்டைப் புரட்டிக்கொண்டே வாய் திறந்தார். “மார்த்தாண்டத்துல காலேஜ் விழாவுல நீ அடிச்சத நான் மூணாவது வரிசையில இருந்து பாத்தேனே. அதுக்குப் பொறவுதான் எங்கம்மைய பொண்ணு கேக்க அனுப்புனேன்” என்றார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நீ மறச்ச, உனக்க காரணம் உனக்கு. நான் என்னத்துக்குக் கேக்கணும்?” என்றார். கையிலிருந்த வாளைக் கருவாட்டை அவர் மேல் எறிந்தேன். எந்தத் தடைக்குப் பயந்தேனோ அதைப் பார்த்துத்தான் அந்த மனிதர் என்னைக் கட்டியிருக்கிறார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் உன்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்காக மட்டும் என்றால் இந்தத் தபாலை எழுதியிருக்க மாட்டேன். நவம்பர் இருபத்திரண்டாம் தேதி அந்தப் பெண்களுக்கு மார்த்தாண்டத்தில் மேடை. விழாக் குழுவினர், டிரம்ஸுக்கு ஒரு பையனைப் போடுங்கள், திருக்கைவால்காரிகளே ஆம்பிளையைத்தானே வைத்தார்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆளும் பார்த்தாயிற்று. நந்தனா ஓரத்தில் நின்று ஜால்ரா தட்டினால் போதுமாம். அவள் அப்பாவும் அதுதான் மரியாதை என்கிறார். நானே அந்தக் குழுத் தலைவருக்குப் போன் செய்து, வாசித்தது நான்தான் என்றேன். பேபி மேடமே ஷாஜன் என்று சொல்லியிருக்கிறார்களே அம்மா, அண்ணன் பேரை நீங்கள் தட்டிப் பறிக்கலாமா என்று எனக்கே புத்தி சொன்னார். என் பயம் என்னோடு போகும் என்று நினைத்திருந்தேன். அது மலையேறிப் போய் ஒரு ரப்பர்க்காரன் மகளின் கையிலிருந்து குச்சியைப் பிடுங்குகிறது.

இதை உனக்குச் செய்தியில் அனுப்பினேன். நீ எழுதிய ஒரே பதில், “நீதானே மக்கா சத்தியம் வாங்கின?” என் வாயை அடைக்க நல்ல இடம் பார்த்து அடைத்தாய். சரி, அந்தச் சத்தியத்தை இத்துடன் விடுவிக்கிறேன். நேற்றுக் கோயிலுக்குப் போய் அதே மாதா முன்னால் சொல்லிவிட்டேன். இனி உனக்கு ஒளிய இடமில்லை.

கேசட்டை இசைத்தட்டாகப் போடுகிறார்களாம், உறை அச்சுக்குப் போக நவம்பர் பதினைந்து கடைசி நாள், பெயர்களை நீதான் அனுப்புகிறாய் என்று சுபிதா சொன்னாள். அதில் என் பெயர் வர வேண்டும். அது மட்டும் போதாது. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற மூன்று ஞாயிறும் உன் நிகழ்ச்சியில் சொல். முதல் ஞாயிறு சொல், இரண்டாம் ஞாயிறு சொல், மூன்றாம் ஞாயிறு சொல். டிரம்ஸ் வாசித்தது பிரிஜா, அவள் ஒரு பெண், குச்சி உடைந்தபோது கையால் அடித்தவள் என்று ஓலை வாசிக்கிற மாதிரி வாசி. கதையெல்லாம் சேர்க்காதே.

ஷாஜன் அந்தப் பொன்னாடையைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறான். அவனிடமே இருக்கட்டும், குளிருக்கு ஆகும்.

நீ சொல்லாவிட்டால் நமக்குள் இனி ஒன்றுமில்லை. கல்யாணம், சாவு என்றால்கூட எழுத மாட்டேன். உன் பிள்ளைகளுக்கு மாதா துணை. உன் தொண்டை பனிக்காலத்தில் கட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், மிளகும் பனங்கற்கண்டும் தனியே பார்சலில் போட்டிருக்கிறேன். அந்த மூன்று ஞாயிறும் அது அடைக்காமல் இருக்கட்டும்.

தடை சொல்கிறவர்கள் யாராவது இருந்தால் குளச்சலுக்கு அனுப்பு. கையை விரித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பிரிஜா
டிரம்ஸ், திருக்கைவால்