சர்வரை நிறுத்திய நாள்

உன் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளையும் படித்துவிட்டார்கள். இதைச் சொல்வது நீதிமன்றம் நியமித்த கணினிப் பொறியாளரின் அறிக்கை. உன் மகள் மலர் அதன் நகலை நேற்று மாலை ராயபுரத்தில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்பது பக்கம். நான்காவது பக்கத்தில் அந்த ஆயுத பூஜை நாளைப் பற்றி மூன்று வரிகள் இருக்கின்றன. காலை 7.52க்கு இயந்திரம் முறையாக நிறுத்தப்பட்டது. மறுநாள் காலை 6.05க்கு மீண்டும் இயக்கப்பட்டது. இடையில் எந்தப் பதிவும் இல்லை. எதுவும் அழிக்கப்பட்டதற்கோ பிற்பாடு சேர்க்கப்பட்டதற்கோ அடையாளமும் இல்லை.

அறிக்கையோடு உன் இயந்திரத்தின் புகைப்படம் ஒன்றும் இருக்கிறது. பெட்டியின் முன்பக்கம் ஒரு கறை. பொறியாளர் கீழே எழுதியிருக்கிறார்: 'மஞ்சள் நிறப் படிவு, உலர்ந்தது.' உன் மனைவி கஸ்தூரி வைத்த சந்தனம் அது. அதைப் பார்த்த பிறகு அறிக்கையை மூடிவைத்துவிட்டேன். இன்று காலைதான் மீதியைப் படித்தேன்.

இதையெல்லாம் தொடங்கி வைத்தவன் நான். எண்ணூரில் உன் தெரு, ரயில் பாதைக்கும் அமோனியா சேமித்து வைக்கும் தொழிற்சாலையின் பின்சுவருக்கும் நடுவில் கிடந்தது. பத்திரிகை நிருபரான நான் நோட்டுப் புத்தகத்தோடு எத்தனையோ முறை வந்திருக்கிறேன். நேற்றுக் கண் எரிந்தது, முந்தாநாள் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள் என்று சொல்வார்கள், எழுதிக்கொள்வேன். எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று தொழிற்சாலையிலிருந்து பதில் வரும், அதையும் எழுதிக்கொள்வேன். ஒருநாள் டீக்கடையில் உன்னிடம் சொன்னேன், "நாத்தத்தை அச்சுல போட முடியாது. நம்பர் வேணும்." சொல்லிவிட்டு நான் மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை.

துறைமுகத்தில் இருபது வருடம், சரக்குத் தூக்கும் விஞ்ச்களுக்கு எலக்ட்ரீஷியனாக இருந்து, விருப்ப ஓய்வில் வெளியே வந்திருந்தாய். ராயபுரத்துப் பழைய சாமான் கடையில் ஏதோ கப்பலிலிருந்து கழற்றிய அமோனியா அளக்கும் கருவி ஒன்று உனக்குக் கிடைத்தது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு முறை சரிபார்த்துக் கடிதமும் வாங்கி வைத்தாய். ஆனால் அந்தக் கருவி காட்டும், நினைவில் வைத்துக்கொள்ளாது. நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படித்து எழுதி வைக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. மூடப்போகும் கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றிலிருந்து பழைய பென்டியம் ஒன்றைத் தூக்கி வந்தாய். அதில் இருந்த சாதாரண சிஸ்டம் மூன்றாவது நாளே உறைந்து நின்றது. மறுபடி ஓட்டினாய்; ஐந்தாவது நாள் நின்றது.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு சர்வர் சிஸ்டம் ஒன்றின் சி.டி. இலவசமாக வந்த காலம் அது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும் என்று போட்டிருந்தார்கள். தேவையானவை என்று ஒரு பட்டியலும் இருந்தது: இன்ன பிராசஸர், முப்பத்திரண்டு எம்.பி. ராம், ஒரு ஜி.பி. டிஸ்க். நீ அதைப் படித்துவிட்டுச் சிரித்தாய். "இது ஏந்திரிக்கறதுக்கு இன்னா வேணும்னு போட்டுகீறான். வுழாம நிக்கறதுக்கு இன்னா வேணும்னு போடலியே."

விழாமல் நிற்க என்ன வேண்டும் என்பதை நீயே ஒரு வருடத்தில் கண்டுபிடித்தாய். மின்சாரம் போகும்போது தாங்க இன்வெர்ட்டரும் இரண்டு லாரி பேட்டரியும். மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது ஸ்டெபிலைசர். ஒரே எழுத்தை இரண்டு இடத்தில் எழுத இரண்டு டிஸ்க்குகள். அதிலும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை கூடாது, ஒன்று போனால் அடுத்ததும் போகும் என்பாய். கடல் காற்றில் ராம் அட்டையின் உலோகப் பல் கறுத்துப் போகும். மாதம் ஒருமுறை மலரின் பென்சில் ரப்பரால் அழித்துத் துடைப்பாய். மானிட்டர் வேண்டாம் என்று கழற்றிக் கொடுத்துவிட்டாய். கடிகாரம் பிந்தக்கூடாது என்று தினமும் ரேடியோ செய்திக்கு முன் வரும் ஒலியை வைத்துச் சரிபார்த்தாய்.

எதிர்வீட்டு ஜேம்ஸ் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் முதல் நாள் வந்து எட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது.

"இன்னா மாமு, வூட்ல சர்வர் வச்சிகினு கீறியாமே? ரெண்டு தோச சொல்லு, சட்னி தனியா."

"இது துன்றதுக்குக் குடுக்கற சர்வர் இல்ல. நாம இன்னா மோந்துகினு கீறோம்னு எழுதி வைக்கிற சர்வரு."

"மூஞ்சியே இல்லியே இதுக்கு. டிவி மாதிரி ஒண்ணு இருக்குமே?"

"உன் மூஞ்சியப் பாத்துட்டு அது நிக்காம ஓடிப்போச்சு."

உள்ளேயிருந்து கஸ்தூரி சிரித்துக்கொண்டே இருமினாள். அவளுக்கு அப்போதே இழுப்பு இருந்தது. அந்தப் பெட்டியை நீ யாருக்காக ஓட்டினாய் என்று தெருவில் யாரும் கேட்டதில்லை.

பதினோரு மாதம் ஓடியது. வரம்பைத் தாண்டிய நேரங்களை நீ பட்டியல் போட்டுக் கொடுத்தாய். நான் எழுதினேன், பத்திரிகையில் உள்பக்கத்தில் வந்தது. தொழிற்சாலை மறுத்தது. இன்னும் ஒரு மாதம் போகட்டும், முழு வருடமாகக் கொடுத்தால் முதல் பக்கத்தில் போடுகிறேன் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை அன்று காலை பொரிக்கு அழைத்திருந்தாய். ஏழரைக்கெல்லாம் வந்துவிட்டேன். கஸ்தூரி தையல் மெஷின், மிக்ஸி, உன் டெஸ்டர், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்து, சர்வர் முன்னால் நின்றாள்.

"எல்லாத்துக்கும் வெச்சிட்டு இத்த மட்டும் வுட்டா கோச்சிக்கும். ஓடிகினு இருக்கற மெஷினுக்கு வெக்கலாமா?"

"ஓடிகினு இருக்கும்போது எவனாவது வெப்பானா? விஞ்சுக்கே அன்னிக்கு லீவு உண்டு. இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று நீ கீபோர்டை இழுத்து மாட்டினாய்.

நான் சொன்னேன், "நிறுத்தினா ஒரு நாள் பதிவு போயிடுமே."

"முன்னூறு நாளு கீதுப்பா. இன்னிக்கு அவனும் கேட்டுல மாலை போட்டு, பூசணிக்கா ஒடச்சிட்டு வூட்டுக்குப் போயிருப்பான். ஊரே மெஷின நிறுத்துற நாள்ல அவன் மட்டுமா ஓட்டுவான்?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வரும் வழியில் அந்த வாசலில் மாலையையும் உடைந்த பூசணிக்காயையும் நானே பார்த்திருந்தேன். விசிறிச் சத்தம் நின்றதும் வீடு சட்டென்று அமைதியானது. கஸ்தூரி சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். நான் பொரி தின்றேன்.

வாசலில் மாலை போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த மாதிரி ஆலையைப் பண்டிகைக்காக நிறுத்த முடியாது என்பதைப் பிற்பாடுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அமோனியாவைக் குளிர்வித்து வைக்கும் தொட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. வேலையாட்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பூஜை முடிந்து பொட்டலத்தோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள். எந்த வால்வை யார் கவனித்தார்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு ஆபீசில் எனக்கு போன் வந்தது, உன் தெருவில் வாயு பரவி யாரும் கண்ணைத் திறக்க முடியவில்லை என்று. நான் வந்து சேர்ந்தபோது தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் கடற்கரைப் பக்கம் ஈரத்துணியை முகத்தில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். கஸ்தூரியை ஜேம்ஸ் ஆட்டோவில் கொண்டுபோய்விட்டார். நீ அவளுக்கு இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்துப் போனதாகச் சொன்னார்கள். மூன்றாவது நாள் காலை அவள் இறந்தாள். 'மூச்சுக் கோளாறு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று கசிவே இல்லை என்றது தொழிற்சாலை. அவர்களுக்கு உன் பதிவும் தெரியும். பதினோரு மாதம் நிமிடத்துக்கு நிமிடம் எழுதிய மனிதரிடம் அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அதனால்தான் தாங்க முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் உன் வீட்டில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஜேம்ஸ்தான் பேச்சை எடுத்தார்.

"மாமு, அந்தப் பொட்டிக்கு நீதான் ராஜா. அந்த ஒரு நாளுக்கு நம்பரப் போட்டு வுடு. எவனுக்குத் தெரியப் போவுது? நம்ம கண்ணு எரிஞ்சதத்தான போடறோம். இன்னா பொய்யா?"

நீ என்னைப் பார்த்தாய். அப்போது ஒரு கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அது முழுக்கக் கடந்து போகும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போடாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருடம் செய்தி எழுதியவன். ஆனால் அந்த நேரத்தில் நீ போட்டுவிட மாட்டாயா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

வண்டி போன பிறகு நீ ஜேம்ஸிடம் சொன்னாய், "நான் ஒரு நம்பரப் போட்டா, மத்த நம்பரெல்லாமும் நான் போட்டதா ஆயிடும். அவ பேர்ல பொய் வாணாம் ஜேம்ஸு."

அடுத்த வருடம் ஆயுத பூஜை அன்று உன் வீட்டில் பூஜை இல்லை. சர்வர் ஓடியது. நீ காலையிலிருந்து அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். மலர் சாப்பிடக் கூப்பிட்டாள். வரவில்லை. அதற்கடுத்த வருடம் உனக்கே மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவமனையில் ஆக்ஸிஜன் முகமூடியைத் தூக்கிவிட்டு நீ கேட்டதெல்லாம், கரண்ட் போச்சா, பேட்டரியில் தண்ணீர் ஊற்றினார்களா என்பதுதான். நீயும் போன பிறகு, தொழிற்சாலைமீது நீ போட்டிருந்த வழக்கை மலர் தன் பெயரில் தொடர்ந்தாள். நீதிமன்றம் பெட்டியை சீல் வைத்து எடுத்துப் போனது.

அறிக்கையின் எட்டாவது பக்கத்தை இன்று காலை மூன்று முறை படித்தேன். அந்த நாளுக்கு முந்தைய பதினோரு மாதப் பதிவும் இயந்திரம் தானே எழுதியது, மனிதக் கை பட்டதற்குத் தடயம் இல்லை என்கிறார் பொறியாளர். அதற்கு அவர் காட்டும் காரணங்களில் ஒன்று, அந்த வெற்று நாள் வெற்றாகவே விடப்பட்டிருப்பது. மலரின் வக்கீல் இதைப் பெரிதாக நினைக்கிறார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆட்சேபம் சொல்ல எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டிருக்கிறது. பதிவை ஏற்றாலும் அன்று பிற்பகல் காற்றில் என்ன இருந்தது என்று அது சொல்லாது. மற்ற நாட்களை வைத்து அந்த நாளை நீதிபதி ஊகிக்க வேண்டும்.

கஸ்தூரி இறந்த அன்று நான் எழுதிய செய்தி ஆறு வரி. கடைசி வரி: 'வாயுக் கசிவே காரணம் என்று கூறப்படுகிறது.' நீ அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னைக் கேட்டாய், "யாரு கூறறாங்க?" என்னிடம் எண் இல்லை, ஆதாரம் இல்லை, அதனால் அப்படி எழுதினேன். எழுத்தாக அது சரி. உன் கேள்விக்கு அது பதில் இல்லை.

பதிவை சாட்சியமாக ஏற்பதா என்ற உத்தரவு அடுத்த மாதம் மூன்றாவது வியாழக்கிழமை வரும் என்று நீதிமன்ற எழுத்தர் சொல்கிறார். மலர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். நானும் போகிறேன், நோட்டுப் புத்தகம் இல்லாமல். அதுவரை அந்த ஆறாவது வரி நான் எழுதியபடியேதான் நிற்கிறது.