ஒலி உள்ளே வராத பெட்டி

ஹோ,
கானா,
4 மார்ச் 2013

அன்புத் தங்கை என்யோனாமுக்கு,

நீ எழுதிய காகிதத்தையும் ரொட்டியையும் வேன் டிரைவர் செலோம் நேற்று கொண்டுவந்து கொடுத்தான். ரொட்டி மெத்தென்று இருந்தது. போனில் பேசாமல் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நான் யோசித்து வாய் திறப்பதற்குள் நீ வைத்துவிடுகிறாய்.

நம் பெரியண்ணன் கெர்ஷன் உன் வீட்டைக் கேட்கிறார் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அது அப்பா உனக்குக் கொடுத்தது. முற்றத்து ரொட்டி அடுப்பு போனால் உன் பிழைப்பே போய்விடும்.

1988 ஈஸ்டர் அன்று அப்பா கூட்டிய குடும்பக் கூட்டத்தை நான் பதிவு செய்த கேசட் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. டேப் காய்ந்து ஓரம் சுருண்டிருக்கிறது. ஒரு தடவை ஓட்டலாம், அடுத்த தடவை அறுந்தாலும் அறுந்துவிடும். ஆகவே முதல் தடவை ஓட்டும்போதே கணினியில் ஏற்றிவிட வேண்டும். என் பழைய லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ், இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம். அதன் மைக் துளையில் ஈ மொய்ப்பதுபோல் ஓர் இரைச்சல். வெளியிலிருந்து செருகும் ஒலி மாற்றிப் பெட்டி (சவுண்ட் கார்டு) ஒன்று வாங்க வேண்டும். விலை என் பென்ஷனுக்குள் அடங்க வேண்டும், லினக்ஸோடும் ஒத்துப்போக வேண்டும். அவசரப்பட்டுத் தப்பாக வாங்கிவிடக் கூடாது. பார்த்து முடிவு செய்கிறேன்.

உன் அண்ணன்,
கோஜோ


பாண்டோ,
11 மார்ச் 2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

கேசட் பத்திரமாக இருக்கிறது என்று படித்த பிறகுதான் தூங்கினேன். அப்பா அடக்கத்தன்று என் காதில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “டேப் இருக்கும்மா, பயப்படாத.” இருபத்தைந்து வருஷமாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியண்ணன் செவ்வாய்க்கிழமை அளவு நாடாவோடு வந்தார். முற்றத்தை அளந்தார், அடுப்பைச் சுற்றி நடந்தார். கடை கட்டி வாடகைக்கு விடப் போகிறாராம். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்துப் பிய்த்துத் தின்றுவிட்டு, “உப்பு கம்மி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடும்ப மூப்பர்களிடம் முறையிட்டுவிட்டேன். டேப்பைப் பற்றியும் சொன்னேன். சிடியில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறார்கள். சீக்கிரம் ஒன்றை வாங்குங்கள். வானிலை ஆபீஸில் மழையை அளந்ததுபோல் இதையும் வருஷக்கணக்கில் அளந்துகொண்டிருக்காதீர்கள்.

ரொட்டி இரண்டு அனுப்பியிருக்கிறேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று எழுதுங்கள்.

தங்கை,
என்யோனாம்


ஹோ,
2 ஏப்ரல் 2013

அன்புத் தங்கைக்கு,

உப்பு சரியாக இருந்தது.

இருபத்துமூன்று ஒலி மாற்றிகளை வரிசையாக எழுதி ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பதினொரு கட்டங்கள். சில பெட்டிகள் தயாரித்தவர் கொடுக்கும் மென்பொருள் இல்லாமல் வேலை செய்யாது, அந்த மென்பொருளோ லினக்ஸுக்குக் கிடையாது. சிலவற்றைச் செருகிய உடனேயே கணினி அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் விலை ஏறிவிடுகிறது. விலை குறைந்தவற்றைப் பற்றி ஒருவர் நல்லது என்கிறார், இன்னொருவர் சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்கிறார். யாரை நம்புவது?

லினக்ஸ் வைத்திருப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் என் அட்டவணையைப் போட்டுக் கேட்டேன். குமாசிக்காரர் ஒருவர் பதில் போட்டார். “பெரியவரே, ஒரு பழைய கேசட்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? விலை கம்மியான சின்னது ஒண்ணு போதும், செருகுனதும் பேர் காட்டுதான்னு பாருங்க. காட்டுச்சுன்னா பதிவு பண்ணுங்க, முடிஞ்சுது.” சொல்வது எளிது. அவருக்கு டேப் அறுந்தால் ஒன்றுமில்லை.

அக்ராவுக்கும் ஒரு நடை போய்வந்தேன். நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். நான்காவது கடைக்காரன், “தாத்தா, வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?” என்றான். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். வாங்காமல் திரும்பிவிட்டேன்.

பொறுத்துக்கொள்.

கோஜோ


பாண்டோ,
20 ஏப்ரல் 2013

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூப்பர்கள் மே 25, சனிக்கிழமை கூடுகிறார்கள். நாள் குறித்தாயிற்று.

ஒன்று கேட்கிறேன். டேப் சரியாக வரவில்லை என்றாலும் நீங்கள் வரலாம் இல்லையா? அன்றைக்கு அப்பா வீட்டைக் கொடுத்ததும் நான் நன்றி சொல்லி சோடாபி என்ற பனஞ்சாராயக் குப்பியை வைத்தேன். அப்பா ஊற்றிக் கொடுக்க, கூட்டத்தில் இருந்த எல்லோரும் குடித்தீர்கள். குடித்தவன் சாட்சி. அவன் வாய் திறந்தால் மூப்பர்கள் கேட்டே ஆக வேண்டும். அவர்களில் ஆறு பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது பெரியண்ணனும் நீங்களும்தான். அவர் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறார். “அவ ரொட்டி சுடட்டும்னு அப்பா இடம் குடுத்தாரு, வீட்டைக் குடுக்கல” என்று சந்தையில் நின்று சொல்கிறார்.

உங்களைக் கைபிடித்துக் கூட்டிப்போய் வானிலை ஆபீஸ் வேலையில் சேர்த்தவர் அவர். அவர் முன்னால் உங்களுக்கு நாக்கு எழாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் டேப் பேசட்டும் என்று நானும் இருக்கிறேன். ஆனால் அண்ணா, ஹோவிலிருந்து பாண்டோ இரண்டு மணி நேரம்தான்.

என்யோனாம்


ஹோ,
16 மே 2013

அன்புத் தங்கைக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாங்கிவிட்டேன். அட்டவணையில் மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் முதலில் வந்ததையே வாங்கினேன். செருகியதும் லினக்ஸ் அதன் பெயரைக் காட்டியது. வானொலிச் செய்தியைப் போட்டுக் கேட்டேன், துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம். பிறகு கேசட் பிளேயரின் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதைச் செருகுவதற்கு இடமே இல்லை.

இந்தப் பெட்டி கணினியிலிருந்து ஒலியை வெளியே கொண்டுவரும். வெளியிலிருந்து உள்ளே வாங்காது. பதினொரு கட்டங்கள் போட்டேன், ‘ஒலி உள்ளே வருமா’ என்று ஒரு கட்டம் போடவில்லை.

கடைக்காரன் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். வேறொன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், வர மூன்று வாரம் ஆகுமாம். மூப்பர்களிடம் ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேள். வெறுங்கையோடு வந்து நான் என்ன செய்வேன்? எனக்கு முழங்காலும் சரியில்லை.

கோஜோ


பாண்டோ,
27 மே 2013

அண்ணாவுக்கு,

தள்ளிவைக்கவில்லை.

பெரியண்ணன் நீலத் துணியை உடம்பில் சுற்றித் தோளில் போட்டு, ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். குடும்பத் தலைவர் என்னைக் கேட்டார், “உன் சாட்சி யாரும்மா?”

“கோஜோ அண்ணன்.”

“அவன் எங்க?”

“மெஷின் வாங்கிட்டிருக்காரு.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியண்ணன், “முப்பத்தாறு வருஷம் மழைய அளந்தான், ஒரு நாளாவது குடை புடிக்கலாமா வேணாமான்னு சொல்லியிருக்கானா?” என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன் அண்ணா. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

ஜூன் 15 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு டேப் வர வேண்டும், இல்லையென்றால் குடித்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வீடு அவருக்கு. அடுப்பை மறுநாளே இடிப்பாராம்.

இனி நான் எழுத மாட்டேன். எழுத என்ன இருக்கிறது.

என்யோனாம்


ஹோ,
14 ஜூன் 2013

என்யோனாம்,

உன் கடிதத்தைக் கொடுத்தபோது செலோமின் இன்னொரு கையைப் பார்த்தேன். வேறு எதுவும் கொடுத்தனுப்பினாளா என்று கேட்டேன். “இல்ல தாத்தா, பேப்பர் மட்டும்தான்” என்றான். நீ ரொட்டி இல்லாமல் கடிதம் அனுப்பியது இதுதான் முதல் தடவை.

இரண்டாவது பெட்டி ஐந்து நாள் முன்பு வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, முதலில் வாங்கியதில் கால் பங்கு விலை. குமாசிக்காரர் முதல் நாளே சொன்ன வகைதான். செருகினேன், பெயர் காட்டியது. டேப்பை ஓட்டினேன். அறுந்துபோகவில்லை.

முதலில் சேவல் கூவுகிறது. யாரோ பெஞ்சை இழுக்கிறார்கள். பிறகு அப்பா கேட்கிறார், “கோஜோ, பதிவாகுதா?” “ஆகுதுப்பா” என்று ஒரு குரல். அது என்னுடையது என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. அப்பா நிலங்களைப் பற்றிப் பேசுகிறார். பதினொன்றாவது நிமிடத்தில், “இனி என்யோனாம் விஷயம்” என்கிறார். உடனே கெர்ஷன் அண்ணன் குரல். “கோஜோ, அதை நிறுத்துடா.” ஒரு சொடுக்குச் சத்தம். அதற்குப் பிறகு இரைச்சல் மட்டுமே.

அந்தப் பக்கம் முடியும்வரை இரைச்சலைக் கேட்டேன். திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் கேட்டேன். ஒன்றுமில்லை.

எனக்கு இது தெரியும். உன்னைக் கூட்டத்துக்குள் கூப்பிடுவதற்கு முன்பு பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது. அப்பா சொல்லி முடித்த பிறகுதான் நிறுத்தினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல வருஷம் சொன்னதில் அது உண்மைபோல ஆகிவிட்டது. அடக்கத்தன்று அழுதுகொண்டிருந்த உன்னிடமும் அதையே கொடுத்தேன். பெட்டியைத் தேடிய இந்த மூன்று மாதமும் டேப் அறுந்துவிடும் என்றுதான் பயந்தேன் என நினைத்தாயா? அந்தச் சொடுக்கைக் கேட்கத்தான் பயந்தேன்.

ஆனால் நான் மெஷினை நிறுத்தினேனே தவிர, அங்கிருந்து எழுந்து போகவில்லை. அப்பா சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. “இந்த வீடு, அடுப்பு, முற்றம், முருங்கை மரம் வரைக்கும் என்யோனாமுக்கு. மத்தவங்க யாரும் கேக்கக் கூடாது.” நீ மண்டியிட்டுக் குப்பியை வைத்தாய். அப்பாவுக்கு அடுத்ததாகக் குடித்தவர் கெர்ஷன் அண்ணன். கடைசியாகக் குடித்தவன் நான். தொண்டை எரிந்து இருமினேன், நீ என் முதுகைத் தட்டினாய்.

இந்தக் கடிதத்தைச் செலோமிடம் கொடுக்கப் போவதில்லை. நாளை முதல் வேனில் நானே எடுத்து வருகிறேன். உன் வீட்டில் இறங்க எனக்கு முகமில்லை, நேரே கூட்டத்துக்கு வருகிறேன். இதைப் படித்த பிறகு நீ என்னோடு பேசாவிட்டால் அது நியாயம்தான்.

ஒன்றே ஒன்று, இதை மட்டும் கூட்டத்துக்கு முன்பே உன்னிடம் சொல்லச் செலோமிடம் சொல்லிவைப்பேன். எழுந்து நிற்கும்போது எனக்கு வாய் அடைத்துக்கொண்டால், பேசுவதற்குப் பதிலாக இந்தக் காகிதத்தை உன்னிடம் நீட்டிவிட்டு உட்காரப் பார்ப்பேன். என்னை எனக்குத் தெரியும். நீ கையை நீட்டாதே. நான் பேசி முடித்த பிறகு வாங்கிக்கொள்.

கோஜோ