ஒன்றுக்குப் போகவும் இங்கிலீஷ்

திங்கள், கார்த்திகை 15

மூடுபனி. காயப்போட்ட காபிக்கொட்டை மூன்று நாளாய் ஈரம்.

பேத்தி மலர் நாலு மணி பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே சின்னப் பாவாடை. மூத்திர வாடை. லட்சுமி மகள் சுதாவுடையது. மலர் வேலை பார்க்கும் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. ஒன்றுக்குப் போக இங்கிலீஷில் கேட்டால்தான் விடுவார்களாம். பிள்ளைக்கு வாய் வரவில்லை. நின்ற இடத்திலேயே போய்விட்டது. வகுப்பு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம்.

"அதுக்குமா இங்கிலீசு?"

"ரூலுங்க அம்மாயி."

தூ.

செவ்வாய் 16

பாவாடை அடுப்புக்கு மேல் காய்ந்தது. புகை வாடை. அதற்கு இது தேவலை.

வாங்க: உப்பு, தீப்பெட்டி, தைலம்.

வீட்டில் இங்கிலீஷ் பேசாத பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் மலர் வேலை. மூன்று வருஷம். பேத்தி இங்கிலீஷ் டீச்சர் என்று அஞ்சாவதோடு நின்ற நான் வாழவந்தி பஸ்ஸில் சொல்லாத ஆள் இல்லை. எஸ்டேட்டில் காபி பறிக்கிற லட்சுமியிடம் "அங்கயே சேத்துடு, எம் பேத்தி பாத்துக்குவா" என்றதும் இந்த வாய்தான்.

வியாழன் 18

தூறல். முட்டி வலி.

சுதாவுக்குப் புத்தி மந்தம், வேறு பள்ளியில் சேர்க்கவும் என்று மலரை எழுதச் சொன்னாராம் ஹெச்.எம். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"மந்தமா கண்ணு அது?"

"இல்லீங்க. தமிழ்ல கேட்டா பத்துக் கத சொல்லுவா. எழுதலீன்னா என்னைய நிறுத்திருவாங்க அம்மாயி."

அவள் ஊற்றிய ரசம் வாயிலேயே இருந்தது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

ஞாயிறு 21

வெயில், ஒருவழியாக. கொட்டையைப் பரப்பினேன்.

லட்சுமி வந்தாள். ஒரு பை கொய்யா, கூடவே அந்தக் காகிதம்.

"இங்கிலீசுல குடுத்துட்டாங்க டீச்சர். நமக்கு எங்கீங்க தெரியும், உங்களையே கேட்டுப்போடலாம்னு வந்தனுங்க."

கொய்யாவைத் தட்டில் அடுக்கினாள். மலர் என்னைப் பார்த்தாள். நல்லதாய் நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம். லட்சுமிக்குத் தெரியப்போவதில்லை.

"உள்ளத படி" என்றேன்.

தமிழில் படித்துச் சொன்னாள்.

"ஊட்டுல அவ வாய மூடறதே இல்லீங்களே. எந்தப் புண்ணியவதிங்க இத எழுதுனது?"

"நாந்தானுங்க்கா."

மலர் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள். இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, முன்பக்கம் எழுதியது பொய் என்று. கையெழுத்தும் போட்டாள். எல்லாம் இங்கிலீஷில்.

"அதையே கீழ தமிழ்லயும் எழுது. லட்சுமி படிக்கோணும்" என்றேன்.

எழுதினாள். லட்சுமி விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள், இரண்டு தரம். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நாளைக்கு ஹெச்.எம். மேஜையில் வைப்பாளாம். மலருக்கு அப்புறம் வேலை இருக்குமோ என்னமோ.

போகும்போது லட்சுமி தட்டிலிருந்த கொய்யாவை ஒவ்வொன்றாய் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஒன்றுகூட வைக்கவில்லை. வைத்திருந்தாலும் எனக்கு இறங்கியிருக்காது.