நல்லவளாகவே வருகிறாய்

இன்று இவர் குற்றாலத்திலிருந்து ஒரு பை மங்குஸ்தான் வாங்கிவந்தார். சீசன் தொடங்கிவிட்டது, தென்காசி வரைக்கும் சாரல் அடிக்கிறது. ஒரு பழத்தை எடுத்ததும் என் கை தானாகவே அதைக் கவிழ்த்து அடியைப் பார்த்தது. அங்கே பூப்போல இருக்கும் தழும்பில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. இதை எனக்குச் சொல்லித்தந்தவள் நீ. அதுவும் ரொம்பக் காலம் கழித்துத்தான் சொன்னாய். அதுவரை பங்கு பிரிக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து, சுளை கூடின பழத்தை உன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாய். என்னட்டீ பார்க்கிறாய் என்று கேட்டால், "புழு இருக்கான்னு பாக்கேன்" என்பாய். கள்ளி.

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். உடனே அழுகையும் வந்துவிட்டது. நீ போனபிறகு வரும் மூன்றாவது சீசன் இது. அன்றிலிருந்து உன்னை ஒரு கதையில் எழுதிவிட வேண்டும் என்று முட்டிக்கொண்டிருக்கிறேன். முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் நீ நல்லவளாகவே வருகிறாய். பொறுமையாகச் சிரிக்கிறாய், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறாய். அது யாரோ ஒருத்தி, நீ இல்லை. இறந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்களே, என் பேனாவும் அதைக் கேட்டு வளர்ந்ததுபோல் இருக்கிறது. எழுதாமல் விட்டாலோ உன் முகம் மங்கிக்கொண்டு வருகிறது. சில நாள் உன் குரல்கூட நினைவில் பிடிபடுவதில்லை. இப்படியே போனால் நீ எனக்கு இல்லாமலே போய்விடுவாய் என்ற பயத்தில்தான் இன்று உனக்கே எழுதுகிறேன்.

ஒரே தெருவுக்கு ஒரே வருஷத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் நாம். இரண்டு பேருக்கும் தொடர்கதைப் பைத்தியம். நான் சொந்தமாக எழுதத் தொடங்கியபோது நீ கதை எப்படிப் போகிறது என்று கேட்கவே மாட்டாய். கதையில் வரும் ஆட்களைப் பற்றித்தான் கேட்பாய். ஆட்களை அப்படிப் பார்க்க நாம் பழகிக்கொண்ட இடம் குற்றாலத்துப் பெரிய அருவியில் பெண்கள் பக்கம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு பாறையில் உட்கார்ந்து, கூட்டத்தில் ஒருத்தியைப் பிடித்துக்கொள்வோம். நகையைக் கழற்றிவிட்டு மஞ்சள் தேய்த்து நனைந்து நிற்பவளைப் பார்த்து, பணக்காரியா ஏழையா என்றுகூடச் சொல்ல முடியாது. நான் முகத்தைப் பார்த்து இவள் சாது, இவள் சிடுமூஞ்சி என்று முடிவு கட்டிவிடுவேன். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

"ஒரு நல்லதைக் குடு, ஒரு கெட்டதையும் குடு. அப்பதான்ட்டீ அவ எந்திச்சு நடப்பா."

ஒரு தடவை, அருவிக்குள் வர மறுத்த பிள்ளையை ஒருத்தி முதுகில் ஓங்கி அறைந்தாள். ராட்சசி என்றேன். "நல்லாப் பாரு, அடிச்ச கையாலயே மூக்கைச் சிந்தி விடுதா" என்றாய். ஆமாம், மூக்கைச் சிந்திவிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மாமியாரை நீ அத்தை என்றுதான் சொல்வாய். உன் அத்தை உன்னைப் படுத்திய பாடு தெருவுக்கே தெரியும். அந்த ஆத்திரத்தில் நான் ஒரு மாமியார் கதை எழுதி உனக்கு வாசித்துக் காட்டினேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நீ முகத்தைச் சுளித்தாய்.

"இவ விடிஞ்சதுலேர்ந்து அடையுத வரைக்கும் வைதுக்கிட்டே இருக்கா. எப்பட்டீ கஞ்சி குடிக்கா, எப்ப ஒறங்குதா? எங்க அத்தையும்தான் வைவா. ஆனா நான் தலைக்கு ஊத்துத அன்னைக்கு வெந்நி ஆறிராம அடுப்புல வெறகைத் தள்ளிவிட்டுக்கிட்டு இருக்கதும் அவதான். 'எங்கட்டீ தொலைஞ்ச மூதி, தண்ணி ஆறுது'ன்னு வஞ்சுக்கிட்டே தள்ளுவா. அதையும் எழுது."

எழுதினேன். அச்சில் வந்த என் முதல் கதை அது. பெயர் என்னுடையது என்றாலும் அந்தப் பொம்பளையைச் செய்தவள் நீதான். படித்தவர்கள் எல்லோரும் அவளைப் பற்றியே பேசினார்கள்.

சுற்றி வளைத்தது போதும், கடைசி சீசனுக்கு வருகிறேன். அருவிக்கு வந்தாய், குளிக்கவில்லை. கிண்ணத்தில் கொண்டுவந்த எண்ணெயை என் தலையில் அரக்கித் தேய்த்துவிட்டு, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டாய். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேண்டாம்ட்டீ. நனைஞ்சு வந்தா வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கப்படாதுன்னு அத்தை சொல்லிட்டா. அவ மனுசியா? பேயி. மேலெல்லாம் வெசம்."

அப்படியே நம்பினேன். அப்படியானால் எண்ணெய் ஏது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் உன் அத்தையைத் திட்டித் தீர்த்தேன். ஆடி முடியும்வரை ஒவ்வொரு தடவையும் இதே கதைதான்.

பொங்கல் கழிந்து நீ போய்விட்டாய். மார்பில் கட்டி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, முன்னமே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். துக்கம் கேட்கப் போன துஷ்டி வீட்டில் உன் அத்தை பக்கத்தில் உட்காரவே எனக்கு மனசு வரவில்லை. "அவளைக் குளிக்கக்கூட விடாமப் பண்ணிட்டீங்களே" என்று நேருக்கு நேராகக் கேட்டுவிட்டேன். அழுது வீங்கின கண்ணோடு அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் எங்கம்மா விடல? சூடு குறையட்டும், அருவியில நனைஞ்சிட்டு வான்னு கிண்ணத்துல எண்ணெ ஊத்திக் குடுத்துல்லா அனுப்புவேன். தலை காஞ்சிருக்கேட்டீன்னு கேட்டா, காத்துல காஞ்சிட்டு அத்தைன்னுவா. ஒங்கிட்டயாவது உள்ளதைச் சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

நனைந்த சேலை மேலோடு ஒட்டினால் கட்டியை நான் பார்த்துவிடுவேன் என்றுதான் நீ நனையவில்லை. அதை மறைக்க, உனக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தவளைப் பேயாக்கினாய். அவளுக்கு ஒரு நல்லதுகூட நீ கொடுக்கவில்லை. அப்படி ஒரு மனுஷி எங்கும் கிடையாது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னது நீயாயிற்றே என்று நம்பினேன்.

ஏன் மறைத்தாய்? கத்தி வைத்துவிடுவார்கள் என்ற பயமா? நான் அழுது ஊரைக் கூட்டிவிடுவேன் என்றா? கூட்டித்தான் இருப்பேன். உன்னைத் தூக்கிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். பிழைத்திருப்பாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாததோடுதான் தினமும் எழுந்திருக்கிறேன்.

இதை எழுதும்போது உன் குரல் பக்கத்தில் கேட்பதுபோலக் கேட்கிறது, அந்தப் பொய்யைச் சொன்ன அதே குரல். உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அது ஆறவும் வேண்டாம். ஆறிவிட்டால் நீ வெறும் நல்லவளாகிவிடுவாய். அந்த நல்லவளை எனக்குத் தெரியாது.