வெட்டிப்போட்ட ஆறு விநாடி

தை 19, திங்கள்

மைனஸ் இருபத்திரண்டு. கோட்-டெ-நெய்ஜ் தெருவில் பஸ் வரவே இல்லை. மெட்ரோ வரை நடை, மீசையில் ஐஸ்.

இந்த வார வேலை: 24 பற்றிய மதிப்பீடு. (எங்கள் ஃபுட்போல் அணியின் வீடியோ அறையில் ஆட்டக்காரருக்குப் பெயர் கிடையாது, சட்டை எண்தான்.) வயது முப்பத்தைந்து. சேஃப்டி. எல்லாரையும் தாண்டி ஓடுபவனை மறிக்கக் கடைசியாக நிற்பவர். ஒப்பந்தம் முடிகிறது. வைத்திருப்பதா, குறைத்துக் கொடுப்பதா, விடுவதா? வெள்ளிக்குள் ஒரு பக்கம் வேண்டும் என்றார் மனேஜர் கில். என் வேலையும் வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை. அந்தப் புதுப்பிப்புக் கடிதமும் அவர் மேசையில்தான்.

போன பருவ ஆட்டங்களில் நான் வெட்டிவைத்த வீடியோத் துண்டுகளைப் பார்த்தேன். அவர் பக்கத்தால் எதிரணி பிடித்த நீளப் பந்துகள் ஒன்பது. கால் மெதுவாகிவிட்டது. வரைவில் எழுதியது: விடலாம். நல்ல பேர் வாங்கலாம் என்று இன்றே கில்லுக்கு அனுப்பியாயிற்று.

வாங்க: பால், படிக்குப் போட உப்பு, முருங்கையிலை.

சுமதி: "ஃபுட்போல் எண்டுபோட்டு ஏன் கையால எறியினம்?" கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதே கேள்வி.

தை 20, செவ்வாய்

பனி. தொண்டை கரகரப்பு.

மூன்றாவது துண்டு திறக்கவில்லை. முழு ஆட்டப் பதிவை எடுத்தேன். பந்து அசைந்து ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு விநாடி முன்னால் வெட்டுவது என் வழக்கம். பயிற்சியாளர்கள் கொட்டாவி விடக்கூடாதே.

வெட்டாததில் அதற்கும் ஆறு விநாடி முன்னால் 24 தொடையில் இரண்டு தரம் தட்டுகிறார். பக்கத்தில் நிற்கும் 6 தலையாட்டுகிறான். அதாவது, உன் ஆளை நான் பார்க்கிறேன், என் ஆளை நீ பார். பந்து அசைந்ததும் 24 மாறி ஓடுகிறார். 6 மறந்துபோய்ப் பழைய ஆளுக்குப் பின்னாலேயே ஓடுகிறான். தனியாக நின்றவன் பந்தைப் பிடிக்கிறான். அந்த வாரத் தாளில் பிழை 24உடையது என்று என் கையெழுத்தில்.

மற்ற எட்டையும் முழுதாகப் பார்த்தேன். ஆறில் இதே கதை.

தை 21, புதன்

24 வந்திருந்தார். கையில் பெரிய பை, தோளில் சப்பாத்துகள். முழங்காலுக்கு மருந்து கட்ட வந்திருப்பார். மறித்து, அந்த ஆறு விநாடியைப் பற்றிக் கேட்டேன்.

"தெரியும். உன் தாளை ஒவ்வொரு வாரமும் பார்த்தேனே" என்றார்.

ஏன் சொல்லவில்லை?

"6க்கு முதல் வருடம். சொல்லியிருந்தால் அவனை அனுப்பியிருப்பார்கள். என்னை அனுப்பமாட்டார்கள் என்று நினைத்தேன்."

திருத்தி எழுதுகிறேன் என்றேன். "விடு. இனி எழுதி என்ன?" என்று என் டப்பாவில் இருந்த கடைசி வடையை எடுத்துக்கொண்டு போனார். பெருந்தன்மை என்று நினைத்தேன்.

வீட்டில் சுமதியிடம் சொன்னேன். "உங்கட பிழையெண்டு எழுதினா உங்கட கடிதத்தை நிப்பாட்டுவினமே?"

"நிப்பாட்டலாம்."

புட்டை என் தட்டில் போட்டாள். "எழுதத்தான் போறியள். புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ."

தை 22, வியாழன்

திருத்தினேன். ஒன்பதில் இரண்டுதான் 24உடையவை. கால் மெதுவானது உண்மை, அதை அழிக்காமல் விட்டேன். அந்த ஆறு விநாடியில் அவர் செய்வதைச் செய்ய அணியில் வேறு ஆள் இல்லை. முடிவு: கொஞ்சம் குறைத்து ஒரு வருடம் கொடுக்கலாம். மற்ற ஏழும் 6இன் பிழைகள், துண்டு எண்களுடன்.

கடைசி வரி: தவறு என்னுடையது. எழுதி, அழித்து, திரும்ப எழுதினேன். வெட்கமாக இருந்தது.

டோர்வலில் வேலைசெய்யும் சுமதிக்கு இன்று இரட்டை ஷிப்ட். பிள்ளையைக் கார்டரிக் காப்பகத்தில் இருந்து நான்தான் எடுத்தேன்.

தை 23, வெள்ளி

வெயில், ஆனால் சூடில்லாத வெயில்.

கில் நின்றபடியே வாசித்தார். "நல்ல வேலை. ஆனால் 24ஐ செவ்வாய்க்கிழமையே விட்டாயிற்று. உன் வரைவு போதுமானதாக இருந்தது."

செவ்வாய். அப்படியானால் புதன் அவர் வந்தது அலமாரியைக் காலி செய்ய.

தாளைத் திருப்பிக் கேட்டேன். இனி யாருக்கும் தேவையில்லையே என்றேன்.

"தேவை" என்றார் கில். ஏழு என்ற இடத்தைப் பேனையால் வட்டமிட்டு, 6இன் கோப்பைத் திறந்து உள்ளே வைத்தார். பிறகு மேசை லாச்சியை இழுத்து, அதில் இருந்து என் கடிதத்தை எடுத்து நீட்டினார். இன்னொரு வருடம்.

சுமதிக்கு இன்னும் சொல்லவில்லை.