ஐந்து ஒன்பதும் ஐந்து சைபரும்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. போனில் என் நம்பரைத் தடுத்துவைத்திருக்கிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். புதுக் கண்ணாடி போட்ட அம்மாவை அப்பாவின் பழைய கார் முன்னால் நிறுத்திப் படமெடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாய். அவர் எனக்குக் காட்டினார். அம்மாவைப் பார்க்கவே விடவில்லை உன் டயர்.

பதினான்கு அங்குல ரிம் இருந்த இடத்தில் பதினேழு. சரி, ஆசை. ஆனால் ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாக வேண்டும், சக்கரத்தின் மொத்த உயரம் மாறக்கூடாது என்று நாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதிலேயே அப்பா சொல்லிக்கொடுத்தாரே! 205/45 போடவேண்டிய இடத்தில் பக்கச்சுவர் உயரமான 205/60 போட்டிருக்கிறாய். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டில் உரசும். அம்மா உட்காருகிற வண்டி அது. மூளையை அடகு வைத்துவிட்டாயா? உடனே கழற்று.

அக்கா


மார்ச் 11

டயர்க் கடை முதலாளியம்மாவுக்கு,

நாற்பத்தைந்துதான் என்று எனக்குத் தெரியாதா? நானும் அதே கடையில் வளர்ந்தவன்தான். வேண்டுமென்றேதான் அறுபது போட்டேன்.

அப்பா போனதும் கடை உனக்கு, கார் எனக்கு என்றானபோது, "இனிமே அந்த வண்டியில காலே வைக்கமாட்டேன்" என்று கத்திவிட்டுப் போனவள் நீ. நான்கு வருடமாயிற்று. "மீட்டர்ல அஞ்சு ஒம்பதும் சைபரா மாறும்போது நீங்க ரெண்டு பேரும் வண்டியில இருக்கணும்" என்று அப்பா சொன்னாரே, மறந்துவிட்டதா? நீ வருகிற வழியைக் காணோம். வாரம் இரண்டு முறை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், வண்டியை நிறுத்திவைக்க முடியுமா? சக்கரம் உயர்ந்தால் மீட்டர் மெதுவாக ஓடும். அதற்குத்தான் போட்டேன். உரசுவது எனக்கும் கேட்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டுகிறேன்.

மாட்டியபோது 97,800. இன்று 99,958. உன் பதில் வரும்வரை அம்மாவை வாடகைக் காரில் கூட்டிப்போகிறேன், இதற்குமேல் என்னால் இழுக்க முடியாது.

தம்பி


மார்ச் 15

அடேய்,

மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம்தான் வந்தது. கடைசி முறை அது உன்மேல் இல்லை.

கணக்குப் போட்டேன். உன் மீட்டர் நூறு காட்டினால் வண்டி நூற்றொன்பது ஓடியிருக்கிறது. உண்மையான லட்சம் எப்போதோ தாண்டிவிட்டது, மடையா. நல்லவேளை, அப்பா சொன்னது மீட்டரை, ரோட்டை இல்லை.

இன்னும் நாற்பத்திரண்டு பாக்கி. வண்டியைத் தொடாதே. அம்மாவை வாடகைக் காரிலேயே கூட்டிப்போ. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். நான்தான் ஓட்டுவேன். உரசாமல் ஒடிக்க எனக்குத் தெரியும். அம்மா பின்னால், நீ என் பக்கத்தில். வழியெல்லாம் சண்டை போடு, நானும் போடுகிறேன், நிறைய பாக்கி இருக்கிறது.

உன் வீட்டிலிருந்து கடைக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர். உன் தப்பான டயரில் அது நாற்பத்திரண்டு. சைபர் அப்பாவின் கடை வாசலில்தான் வரும். அங்கேயே நாற்பத்தைந்து மாட்டிவிடுகிறேன்.

அதுவரை அந்த அறுபதைக் கழற்றினால் தோலை உரித்துவிடுவேன்.

அக்கா